சும்மா சொல்லக் கூடாத வார்த்தை

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு கூம்பு ஒலிபெருக்கி இருக்கிறது. சாம்பல் நிறம். தானே புயலில் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து கீழே விழுந்ததில் அதன் வாய் ஒரு பக்கம் நசுங்கிப் போயிருக்கிறது. பழைய இரும்போடு காயலான் கடைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கடலூர் வரைக்கும் கொண்டுவந்தேன். கண்டக்டர் லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தார். “இதை வச்சிக்கிட்டு என்னா, தீமிதித் திருவிழாவா நடத்தப் போறீங்க?” என்று என் மனைவி ஒவ்வொரு முறை வீட்டை ஒழிக்கும்போதும் கேட்கிறாள். உள்ளே ஒரு பல்லி குடியிருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் என் கண் அடிக்கடி அதன்மேல் போகும். வானம் கறுத்தால் எனக்குப் பயம் வந்துவிடும். அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ஊராட்சித் தலைவரம்மா. அதற்காக அவரிடம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

குமராட்சி பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டியது எங்கள் ஊர். அங்கே ஊராட்சியில் நான் எழுத்தராக இருந்தேன். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது ஜெயித்து வந்தவர் அவர். வயல் வேலைக்குப் போன குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். நான் சேர்ந்த புதிதில் அவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அப்படி ஒரு பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் கூட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்வார். மினி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் முன்னால் உள்ள கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடினால் மறுகரை வந்த பிறகுதான் திறப்பார். உதடு மட்டும் ஜெபத்தை முனகிக்கொண்டிருக்கும். “இந்தம்மா ஊர ஆளுதாம், மொதல்ல பூனைக்குப் பயப்படாம இருக்கச் சொல்லு” என்று டீக்கடையில் பேசுவார்கள். அவர் காதிலும் விழும். “பயந்தா என்னா, பயந்தவதான் கதவைத் தாப்பா போடுவா” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்.

சுனாமி வந்தபோது அவருடைய தங்கை கடலூர் பக்கம் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தங்கை பிழைத்தாள். தங்கையின் மகன் பிழைக்கவில்லை. தலைவரம்மா அங்கே போய், பங்குக் கோயில் வளாகத்தில் சனத்தோடு சனமாகத் தங்கிவிட்டுத் திரும்பிவந்தார். ஆபீசுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். முதல் அலை சின்னதாக வந்துவிட்டுப் போனதாம். அதைப் பார்த்த ஒருவன், “கடல் உள்ள வந்துடுச்சு, வாங்க வாங்க” என்று தெருவில் கூப்பிட்டுக்கொண்டு ஓடினானாம். வேடிக்கைக்குக் கூப்பிடுகிறான் என்று பிள்ளைகள் எல்லாம் கடலைப் பார்க்க ஓடியிருக்கிறார்கள். தங்கை மகனும் ஓடியிருக்கிறான். “அவன் ஓடச் சொல்லித்தான் கூப்புட்டான் தம்பி. இதுங்க பாக்கச் சொல்றான்னு நெனச்சிதுங்க. சேதி வந்துச்சு. என்னா சேதின்னுதான் புரியல” என்றார்.

சுனாமிக்கு அடுத்து வந்த தை மாதத்திலிருந்து அவருக்கு ஒரே வேலை. எங்கள் ஊருக்குக் கடல் இல்லை, கொள்ளிடம் இருக்கிறது. மேட்டூர் நிரம்பி, மேலே மழையும் பெய்தால், மிச்சத் தண்ணீர் அத்தனையும் கொள்ளிடத்தில்தான் வந்து விழும். கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள படுகையில் ஒரு தெரு உண்டு. சோளமும் கத்திரியும் போட்டுக்கொண்டு ஆற்றின் தயவில் வாழ்கிற சனம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் படுகைத் தெருவில்தான். தலைவரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார். கரை பலவீனமாக இருக்கிறது என்று போனால், கரை உங்கள் பொறுப்பு இல்லை அம்மா என்பார்கள். வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்றால், அதற்கு வேறு ஆபீஸ். படுகைக்குப் போகிற பாதைக்கு இன்னொரு ஆபீஸ். ஒருநாள் ஒரு அதிகாரி நிதானமாக, நல்ல மனசோடுதான், “உங்களுது தெருவிளக்கு, குடிதண்ணி, குப்பை, அவ்வளவுதாம்மா” என்று விளக்கினார். “கரை அவுங்களுது, வாய்க்கா அவுங்களுது, ரோடு அவுங்களுது. சனம் மட்டும் என்னுதா சார்?” என்று கேட்டார் தலைவரம்மா. அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிகாரி டீ வரவழைத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மினி பஸ்ஸில்தான் தலைவரம்மாவுக்கு மைக் யோசனை வந்தது. கரையைத் தொட முடியாது, ஆற்றைத் தொட முடியாது, வாயைத் திறந்து சொல்லலாம் அல்லவா. ஊராட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் எதிர்த்தார்கள். அவரவர் தெருவுக்கு அவரவர் சிமெண்ட் சாலை கேட்டார்கள். என்றைக்கோ வரப்போகிற வெள்ளத்துக்கு இன்றைக்கே மைக்கா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில், தினமும் பயன்படுகிற மாதிரி இருந்தால் சரி என்று இறங்கிவந்தார்கள். அப்படித்தான் தொட்டியின் உச்சியில் இந்தக் கூம்பு ஏறியது. கீழே ஆபீசில் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிபயர். சொட்டு மருந்து, ரேஷன் மண்ணெண்ணெய், கரண்ட் நிறுத்தம், காணாமல் போன ஆடு எல்லாம் அதில் வந்தன. எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது, டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறக்கும்போது சொல்கிற “தண்ணி வருது, தண்ணி வருது.” அதைக் கேட்டால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்துவிடுவார்கள். ஊருக்கு அந்த மைக் பிடித்துப் போனது. நாங்களும் நல்லபடியாக நடக்கிறது என்றுதான் நினைத்தோம்.

அந்த வருஷத்து ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன், தாலுகா ஆபீசிலிருந்து போன். கொள்ளிடத்தில் ஜாஸ்தியாகத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், இருட்டுவதற்குள் உங்கள் பக்கம் வந்துவிடும், படுகையில் இருக்கிறவர்களை மேலே ஏற்றிவிடுங்கள் என்றார்கள். படுகை என்றதும் அக்கா ஞாபகம்தான் வந்தது. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. பெண் குழந்தை, தலை நிற்கத் தொடங்கிய பருவம். மாமாவை எனக்குத் தெரியும். ஆறு வாசலில் வந்து நின்றாலும், வந்துட்டு அதுவா போயிடும் என்று பீடி பற்றவைக்கிற ஆள். தலைவரம்மா பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்க ஆள் அனுப்பிவிட்டு, மைக்கைத் தானே எடுத்தார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். பஸ் கம்பியைப் பிடிக்கிற அதே பிடி. ஊர்த் தலைவர் என்றால் தைரியமாகப் பேச வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற கணீர்க் குரலில் சொன்னார்: “தண்ணி வருது, தண்ணி வருது! படுகைத் தெரு சனங்க எல்லாம் ஒடனே வூட்டை வுட்டு வெளிய வாங்க!” அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

கரை மேல் ஏறி நின்று கீழே பார்த்தபோது நான் கண்டதை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. படுகைத் தெரு வெளியே வந்திருந்தது, குடங்களோடு. குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்க, பெண்கள் தலையில் உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, யார் முதலில் என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஆறு காவி நிறத்தில், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒரு இடுப்பில் குழந்தையும் மறு இடுப்பில் குடமுமாக நின்றாள். என்னைப் பார்த்ததும், “கொட்டுற மழையில எதுக்குடா தண்ணி வுடுறீங்க? அதும் இந்நேரத்துல! குழாயில ஒரு சொட்டு வரல” என்று சத்தம் போட்டாள். நான் கத்தினேன். இது குழாய்த் தண்ணீர் இல்லை, ஆற்றுத் தண்ணீர், மேலே வாருங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒரு கிழவர், “மைக்குல அப்புடிச் சொல்லலியே” என்றார். மாமா சாவகாசமாக வந்தார். “மச்சான், ஆத்துல தண்ணி வர்றது என்னா புதுசா? ஆடியில வந்துச்சு, பூ போட்டுக் கும்புட்டோம். ஆவணியில வந்துச்சு, மோட்டார எடுத்து மேல வச்சோம். அந்தம்மா பயப்படுதுன்னு நாம மாட்டையும் கன்னையும் இழுத்துக்கிட்டு அலையணுமா?” என்றார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். குழந்தை மழைச்சாரலை நக்கிக்கொண்டிருந்தது. குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. பிறகு மறுபடி சைக்கிளில் ஏறி ஆபீசுக்கு மிதித்தேன். அந்தத் தூரம் அவ்வளவு நீளமாக இருந்தது வேறெப்போதும் இல்லை.

“குடத்தோட வந்து நிக்கிறாங்க தலைவரம்மா” என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. “குடத்தோடயா?” என்று கேட்டார். கேட்டவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அதே மாதிரி தம்பி. அவனும் வாங்க வாங்கன்னுதான் கூப்புட்டான்” என்றார். இவர் இப்படி உட்கார்ந்துவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்காவின் பெயரைச் சொல்லி அழுதேவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். எழுந்து மறுபடி மைக்கை எடுத்தார். கணீர்க் குரல் எல்லாம் போய்விட்டது. பாலத்தில் பஸ் ஏறும்போது முனகுகிற குரல்தான் வந்தது, அழுகையும் மூச்சுமாக, ஊர் முழுக்கக் கேட்கிறபடி. “தண்ணி இல்ல! தண்ணி இல்ல! ஆறு வருது! ஆறு நம்ம வூட்டுக்கு வருது! ஐயோ, குடத்தைக் கீழ போடுங்கடி! புள்ளையத் தூக்குங்கடி! கரைக்கு ஏறுங்க, ஆறு வருது!”

என்னவென்று சொல்வது. வெள்ளம் என்றால் அது ரேடியோ செய்தி. தண்ணீர் என்றால் அது குழாய். ஆறு வருகிறது என்று அதற்கு முன் எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. ஆறு இருந்த இடத்தில் இருக்கும், தண்ணீர்தான் வரும் போகும். அந்த ஆறே எழுந்து வருகிறது என்று கேட்டதும் சனத்துக்கு உள்ளே என்னவோ ஆகிவிட்டது. அதைவிட, அந்தக் குரலில் இருந்த பயம். இத்தனை நாள் கேலி செய்த அதே பயம், கூம்பு வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் ஆளை உலுக்கியது. தைரியமாகச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. நான் திரும்பக் கரைக்குப் போனபோது அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள், கோழிக்கூடை, டிரங்குப் பெட்டி, சாமி படம், வழுக்கி விழுந்து எழுந்து வருகிற கிழவர்கள். கூட்டத்தில் அக்காவைக் காணவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாமா மாட்டை இழுத்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியில் வந்தார். “அக்கா எங்க மாமா?” என்றால் கரைக்கு அந்தப் பக்கம் கையைக் கையைக் காட்டுகிறார். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மூன்றாம் வகுப்பு பெஞ்சில் அவள் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடம். “அதான் குடத்தைக் கீழ போடச் சொன்னாங்கள்ல?” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். “வெறுங்குடம்தானேடா, அது பாட்டுக்கு இடுப்புலயே இருந்துடுச்சு” என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

பொழுது சாய்வதற்குள் படுகைத் தெரு இல்லை. குழாயின் தலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. வீடுகள் போயின, மாடுகள் சில போயின, ஆள் ஒருவரும் போகவில்லை. தலைவரம்மா பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பார்த்து முடித்தவர் மறுபடி முதல் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார். யாரும் கேலி செய்யவில்லை.

அடுத்து வந்த குடியரசு தினக் கிராம சபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் ஒன்றிய ஆபீசில் எல்லோரையும் சிரிக்க வைத்தது. குடிதண்ணீருக்கு இனிமேல் மைக்கில் ‘குழா தொறந்தாச்சு’ என்று மட்டுமே சொல்வது. வயலுக்கு வருவதற்கு ‘வாய்க்கால்ல வுட்டாச்சு’ என்பது. ‘ஆறு வருது’ என்பதை ஆபத்துக்குத் தவிர வேறு எதற்கும், விளையாட்டுக்குக்கூட, ஊரில் யாரும் சொல்வதில்லை. தீர்மானத்தைப் படித்த அதிகாரி, ஒரு வார்த்தையைப் பேசக்கூடாது என்று தீர்மானம் போட ஊராட்சிக்கு அதிகாரம் இல்லையே அம்மா என்றார். “சீட்டை ரிசர்வ் பண்றீங்க, ஒரு வார்த்தையை ரிசர்வ் பண்ணக் கூடாதா சார்?” என்றார் இவர். அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஊரோ அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் வாயில் அது வந்தால் முதுகில் ஒன்று விழும். வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசி வெயிலில், தலைவரம்மா மைக்கில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்வார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கரை ஏறிப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்க வேண்டும். முதல் வருஷம் பயபக்தியோடு நடந்தார்கள். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். அடுத்த தேர்தலில் தட்டுத்தடுமாறி ஜெயித்தார். அதற்கடுத்ததில் தோற்றார். இந்தம்மா வந்தால் ஊரையே ஓட வைக்கும் என்பதுதான் எதிராளியின் பிரசாரம்.

அதற்குள் நான் பரீட்சை எழுதிக் கடலூரில் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். மாமா கொஞ்ச நாள் மேட்டில் கிடைத்த இடத்தில் இருந்துவிட்டு, வெள்ளாமை அங்கதான இருக்கு மச்சான் என்று படுகைக்கே திரும்பிவிட்டார். பாதித் தெரு அப்படித்தான் திரும்பியது. தலைவரம்மா தோற்ற அந்த மழைக்காலத்தில், கொள்ளிடத்தில் தண்ணீர் திறப்பு என்று என் செல்போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கன அடி, கரையோர மக்கள், எச்சரிக்கை என்று பரீட்சைக் கேள்விபோல இருந்தது. ஊரில் மைக் ரிப்பேராகிக் கிடந்தது எனக்குத் தெரியும். போன் செய்தால் லைன் கிடைக்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் மத்தியானம் வரை அலைந்தேன். கடைசியில் அக்கா எடுத்தாள். “மேல ஏறிட்டோம்டா. மெசேஜ் உங்க மாமாவுக்கும் வந்துருக்கு, அதை யாரு படிச்சா? அந்தம்மாதான் கரை மேல நின்னு கத்துச்சு. தொண்டை கட்டிப் போச்சு பாவம்” என்றாள். பின்னர் ஒருநாள், உங்களை யார் கத்தச் சொன்னது என்று புதுத் தலைவர் வருத்தப்பட்டாராமே என்று அவரிடம் கேட்டேன். “மைக்கு ஊராட்சியோடது தம்பி. தொண்டை என்னோடதுதான?” என்றார். குரல் இன்னும் சரியாகவில்லை. அந்த மழைக்குப் பின்னால்தான் தானே புயல் வந்தது, கூம்பும் விழுந்தது. இனிமேல் எல்லாம் செல்போனில் வந்துவிடும் என்று வேறு மைக் வைக்கவில்லை.

போன மாதம் அக்கா மகள் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்றைக்கு மழைச்சாரலை நக்கிக்கொண்டிருந்தவள்தான். பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாது. பீரோ மேல் இருந்ததைப் பார்த்ததும், “மாமா, இது எங்க ஊரு மைக்கு!” என்று குதித்தாள். இறக்கிக் கொடுத்தேன். பல்லி ஓடிவிட்டது. நசுங்கிய வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்பக்கத் துளையில் வாயை வைத்து, “குழா தொறந்தாச்சு, குழா தொறந்தாச்சு” என்று அறிவித்தாள். சமையல்கட்டிலிருந்து என் மனைவி சிரித்தாள். காணாமல் போன ஆடு, சொட்டு மருந்து, ரேஷன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு என்ன தோன்றியதோ, “அந்தம்மா ஒண்ணு சொல்லுவாங்கள்ல, கரை மேல நின்னு? அதைச் சொல்லு பாப்பம்” என்றேன்.

அவள் வாயை எடுத்துவிட்டாள். விளையாட்டு முகம் மாறிவிட்டது. கூம்பைத் தரையில் வைத்து, என்னை ஒரு தப்புச் செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது வந்தாத்தான் மாமா சொல்லணும்” என்றாள்.

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. கூம்பை எடுத்துத் துடைத்து மறுபடி பீரோ மேல் வைத்தேன், வாய் கொள்ளிடத்துப் பக்கம் பார்க்கும்படி.